திருவாலங்காட்டுக் கல்யாணத்தன்று கிளம்பாத வேன்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொன்னார். எழுதியதைப் படித்துக் காட்டியதும், இதைப் போட வேண்டாம் என்றார். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அண்ணன் பிறந்தது மணவூரில், அம்மாவின் தாய்வீட்டில். வளர்ந்ததும் வாழ்ந்ததும் திருத்தணியில். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா மலைமேல் முருகன் கோயில் மடப்பள்ளியில் சமையல் வேலை பார்த்தார். அவர் காலமானபோது அண்ணனுக்கு வயது பதினைந்து, எனக்கு ஏழு. அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கரண்டியைப் பிடித்தார். கல்யாண வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போனவர், முப்பது வயதுக்குள் தாமே ஆட்களை வைத்துக்கொண்டு சமையல் எடுத்துச் செய்யும் அளவுக்கு வந்தார். சாமிக்குப் படைப்பதை ருசி பார்க்கக் கூடாது என்பது நைனாவின் வழக்கம். அண்ணன் கல்யாணச் சமையலிலும் அதை விடவில்லை. அண்டாவின் மேல் குனிந்து மோந்து பார்த்தே உப்பு குறைச்சல் என்று சொல்லிவிடுவார். ஆடிக் கிருத்திகைக்கு வரும் காவடிக்காரர்களுக்கு வருடம் தவறாமல் எங்கள் வாசலில் தயிர்சாதம் கொடுத்தார்.

என்னை ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படிக்க வைத்தவரும் அவர்தான். படித்துவிட்டு வந்த எனக்குத் தலைக்கனம் கொஞ்ச நஞ்சமல்ல. நம் உறவில் அது தெரியாதவர்கள் யாரும் இல்லை. சாப்பாடும் பாத்திரமும் ஏற்றுவதற்காகக் கைமாறி வந்த பழைய டீசல் வேன் ஒன்றை வாங்கி, சாவியை என்னிடம் கொடுத்தார். அடுப்பு அவர் பொறுப்பு, வண்டி என் பொறுப்பு என்று ஆயிற்று.

திருவாலங்காட்டுக் கல்யாணக் கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். வேன் கிளம்பாமல் நின்றது, நான் பழுதைக் கண்டுபிடித்துச் சாப்பாட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்தது, அண்ணன் மானம் தப்பியது என்று அண்ணனே ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். நடந்தது அப்படி அல்ல.

அன்று மதியச் சாப்பாட்டை எங்கள் கொட்டகையிலேயே சமைத்து எடுத்துப்போக ஏற்பாடு. பத்தரைக்குக் கிளம்பினால் பன்னிரண்டு மணிப் பந்திக்குச் சரியாக இருக்கும். பத்து மணிக்கு நான் சாவியைத் திருப்பினேன். இன்ஜின் நன்றாகச் சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் வரை ஒழுங்காக ஓடிய வண்டி. பேட்டரிதான் என்று முடிவு கட்டினேன். பேட்டரி இறங்கியிருந்தால் இன்ஜின் அப்படிச் சுற்றாது. அது முதல் வருடத்தில் படித்த பாடம். பதற்றத்தில் எனக்கு அது தோன்றவில்லை.

அண்ணன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். இன்னொரு தரம் சாவியைத் திருப்பச் சொன்னார். வண்டியின் பின்பக்கம் போய்க் குனிந்து சைலன்சரிடம் மூக்கை வைத்தார்.

"புகையும் வரல, டீசல் வாசனையும் இல்லடா. நம்ப டீசல் அடுப்புல எண்ணெய் ஏறலன்னா இப்டிதான் வெறும் காத்து வரும். டேங்க்ல இருந்து வர்ற டியூப பாரு."

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நீ போய் சாம்பார பாரு. மெக்கானிக்கு நீயா நானா?"

காய் நறுக்கும் அம்மாக்களும் பாத்திரம் ஏற்றும் ஆட்களுமாக எட்டுப் பேர் நின்றிருந்தார்கள். சரிடா என்று மட்டும் சொல்லிவிட்டு அண்ணன் உள்ளே போனார்.

பக்கத்துத் தெருவிலிருந்து வேறு பேட்டரி கொண்டுவந்து மாட்டினேன். முக்கால் மணி நேரம் வீணானது. ஆட்கள் டீ குடிக்கப் போயிருந்தபோது, சாவியைத் திருப்பிவிட்டு இறங்கி ஓடி, நானும் சைலன்சரில் மூக்கை வைத்தேன். ஒரு வாசனையும் இல்லை. டேங்கிலிருந்து வரும் ரப்பர் டியூப் கிளாம்புக்கு அடியில் வெடித்திருந்தது. அது வழியாகக் காற்று புகுந்து, டீசல் முழுவதும் டேங்குக்கே இறங்கிவிட்டிருந்தது. வெடித்த முனையை வெட்டிவிட்டு மறுபடி மாட்டி, ஃபில்டர் ஸ்குருவைத் தளர்த்தி, நுரை நிற்கும்வரை கைப்பம்பை அடித்துக் காற்றை எடுத்தேன். அடுத்த திருப்பில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. அண்ணன் சொன்னபோதே பார்த்திருந்தால் கால் மணி நேர வேலை.

அதற்குள் பெண்ணின் தாய்மாமன் பைக்கில் தேடிக்கொண்டு வந்துவிட்டார். என்ன ஆயிற்று என்று அவர் கேட்க, டியூபில் காற்று புகுந்துவிட்டது, நான்தான் கண்டுபிடித்தேன் என்றேன். சாம்பார் அண்டாவை ஏற்றிக்கொண்டிருந்த அண்ணன் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"ஆங், தம்பி இல்லன்னா இன்னிக்கி சோறு வந்திருக்காதுங்க" என்றார்.

முதல் பந்தி ஒரு மணிக்குத்தான் நடந்தது. அந்த வீட்டாரின் வசவு முழுவதையும் அண்ணன் கைகூப்பி நின்று வாங்கிக்கொண்டார். நான் வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

அதற்குப் பிறகு வேனைப் பற்றி அண்ணன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கேட்டாலும், எனக்கென்ன தெரியும் என்பார். கதையை மட்டும் விடவில்லை. என் கல்யாணத்தில் சொன்னார். என் மகளுக்குப் பெயர் வைத்த அன்று சொன்னார். அவர் சொல்லும்போது தலையாட்டிக்கொண்டிருக்க நானும் பழகிவிட்டேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

போன வருடம் சிறுநீரகக் கோளாறு முற்றியபோது, அதே வேனில்தான் அவரைத் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். கடைசி நாள் சாயங்காலம், ஊசி போட வந்த நர்சம்மாவிடமும் அந்தக் கதையை ஆரம்பித்தார். மூச்சு வாங்கியது, பாதியில் நிறுத்திவிட்டு என்னைக் காட்டிச் சிரித்தார். மீதியை நான் சொல்லியிருக்க வேண்டும். அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நாளைக்குத் தனியாக அவரிடமே சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். எட்டுப் பேர் முன்னால் அண்ணனை அப்படிப் பேச முடிந்த எனக்கு, மூன்று பேர் முன்னால் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. மறுநாள் விடிவதற்குள் அவர் போய்விட்டார்.

அண்ணனைப் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் நர்சம்மாக்களுக்கும், காரியங்கள் முடியும்வரை எங்கள் வீட்டில் அடுப்பெரிய விடாமல் சாப்பாடு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், பதின்மூன்றாம் நாள் சமையலைத் தாங்களே வந்து செய்து கொடுத்த அவருடைய ஆட்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அண்ணி வேண்டாம் என்றதற்குக் காரணம் இதுதான். "அவரு அன்னிக்கே எங்கிட்ட சொன்னாரு தம்பி. படிச்ச பையன், நாலு பேருக்கு முன்ன அவன் மொகம் வாடக்கூடாதுன்னுதான் அப்டி சொன்னேன்னாரு. அவரு மூடி வச்சத நீ ஏன் தொறக்கற?"

அண்ணியின் பேச்சை நான் தட்டியதில்லை. இதில் மட்டும் தட்டுகிறேன். இனி நம் வீட்டு விசேஷங்களில் அந்தக் கதையைச் சொல்கிறவர்கள், பழுதைக் கண்டுபிடித்தது அண்ணன் என்று சொல்லுங்கள். நான் அங்கே இருந்தால், என் முகத்தைப் பார்த்தே சொல்லுங்கள்.