ரூபாய் விழுந்தால் பாயசம்

ரூபாய் விழுந்தால் எங்கள் வீட்டில் பாயசம். சிரிக்காதீர்கள். கோட்டக்குப்பத்தில் நான் பிறந்த வீட்டிலேயே இருந்த பழக்கம் அது. ஆண்கள் எல்லாரும் வளைகுடாவில். அவர்கள் அனுப்பும் திர்ஹாமுக்கு ரேட்டு ஏறினால், வீட்டுக்குக் கூடுதல் ரூபாய், அடுப்பில் சேமியா வேகும். கல்யாணமாகித் திண்டிவனம் வந்த பிறகும் நான் அதை விடவில்லை. என் வீட்டுக்காரர் துபாயில் ஏசி மெக்கானிக்.

இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. டிவியில் எங்கோ சண்டை என்றால் போதும், "பாருங்க, ரேட்டு ஏறப் போவுது" என்பேன். வெளிநாட்டுப் பணக்காரர்களுக்குப் பயம் வந்தால் இங்கே போட்ட பணத்தை எடுத்து டாலராக மாற்றிக்கொண்டு ஓடுவார்கள். நிஜமாக எதுவும் கெட்டுப்போக வேண்டாம், கெட்டுப்போகுமோ என்ற நினைப்பே போதும். எல்லாரும் டாலரைக் கேட்டால் ரூபாய் இறங்கிவிடும். திர்ஹாமை டாலரோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள், அதுவும் கூடவே ஏறும்.

போன வருஷம் அப்படித்தான் மளமளவென்று ஏறியது. முந்திரி தாராளமாகப் போட்டுப் பாயசம் வைத்து, ஒரு தூக்கில் ஊற்றி, பக்கத்து வீட்டு அக்காவிடம் மதில் வழியாக நீட்டினேன். அவர்கள் விவசாயக் குடும்பம். பெருமுக்கல் பக்கம் கொல்லை, வேர்க்கடலை போடும் நிலம். ஒரே மகள் அமெரிக்காவில் படிக்கிறாள்.

"என்னாம்மா விசேஷம்?"

"ரூபா விழுந்துடுச்சிக்கா! செம அடி!" என்று கத்தினேன். வாயா அது?

அக்கா ஒரு நொடி என்னையே பார்த்தார். அப்புறம் சிரித்தபடி வாங்கிக்கொண்டார்.

அந்தப் பெண்ணுக்கு டாலரில்தானே ஃபீஸ் கட்டுகிறார்கள் என்று எனக்கு உறைக்கவே இல்லை. டாலரின் ஜாதகமே தெரிந்த மாதிரி பேசுகிறவள் நான்!

அக்கா எந்தப் பாத்திரத்தையும் வெறுமனே திருப்பித் தரமாட்டார். மறுநாளே ஏதாவது போட்டுக் கொடுத்துவிடுவார். இந்தத் தடவை வாரங்கள் போயும் தூக்கு வரவில்லை. "ஒரு தூக்கைக் குடுக்கறதுக்கு இவ்ளோ நாளா?" என்று போனில் வீட்டுக்காரரிடம் முணுமுணுக்கவும் செய்தேன், வெட்கங்கெட்டவள்.

ஒருநாள் மத்தியானம் அக்கா வந்தார். தூக்கு நிறைய வேகவைத்த மல்லாட்டை, வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்.

"லேட்டாயிடுச்சி, ஒன்னும் நெனச்சிக்காத. நம்ம கொல்லையில புடுங்கினது. இதான் கடைசி."

"ஏங்க்கா?"

"கொல்லையக் குடுத்துட்டோம்மா. விழுப்புரத்து ஆளு வாங்கிக்கினாரு. பேங்க் லோனே பத்தும்னு இருந்தோம். டாலர் ஏறினதுல துண்டு விழுந்துடுச்சி. பொண்ணைப் பாதியில வர வெக்க முடியுமா?"

"அன்னைக்கே என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே அக்கா."

"உன்ன எதுக்குத் திட்டணும்? உன் வூட்டுக்காரரு அந்த வெயில்ல கெடந்து கஷ்டப்பட்றாரு. உனக்காவது நல்லதாச்சே."

குத்திக்காட்டவில்லை. மனசாரச் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

அவர் போன பிறகு ஒரு மல்லாட்டையை உரித்துக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. "இன்னும் ஏறிடுச்சி! பாயசம் வெச்சியா?" என்றார் வீட்டுக்காரர்.

அல்லா மன்னிக்கட்டும். முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. கையிலிருந்த மல்லாட்டை அதற்கு அப்புறம்தான் கண்ணில் பட்டது.