கதவோர இருக்கை

ராணுவ ஹெலிகாப்டர் பிரிவு ஒன்றில் எனக்கு அதிர்வு அளக்கும் வேலை. ஆட்கள் உட்காரும் இடத்தில் ஊத்தப்பம் அளவுக்கு ஒரு ரப்பர் வட்டத்தை வைப்பேன். உள்ளே இருக்கும் சென்சார், இருக்கை எவ்வளவு குலுங்குகிறது என்பதை வயர் வழியாகப் பெட்டிக்கு அனுப்பும். பழுதில்லாமல் இருந்தவை இரண்டே வட்டங்கள். இரண்டும் விமானிகளுக்குப் போய்விடும்.

கதவோரம் கான்வாஸ் இருக்கையில் உட்கார்ந்து வருகிற சிப்பாய் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரன். நான் ராசிபுரம். எல்லாரும் இந்தி பேசும் இடத்தில் என்னிடம்தான் "அண்ணா" என்று வந்து நிற்பான். இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்வான். டாக்டரிடம் காட்ட வேண்டும், தன் இருக்கையையும் ஒருமுறை அளக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். எனக்கு அவனைக் கண்டாலே எரிச்சல். ஊரில் போர்வெல் போடும் ரிக் வண்டி வேலைக்குப் போயிருந்தால் ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்கமாட்டாய் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன்.

ஒருநாள் பழுதான வட்டம் ஒன்றை அவனுக்கு வைத்தேன். வயரை எதிலும் சொருகாமல் இருக்கைக்கு அடியில் சுருட்டிவிட்டேன். அசைந்தால் அளவு கெட்டுவிடும் என்றேன். இரண்டு மணி நேரம் உதட்டைக் கடித்தபடி நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தான். விஷயம் தெரிந்த நாங்கள் மூன்று பேர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

இறங்கியதும், "எவ்வளவுங்ணா வந்துச்சு?" என்றான்.

"ஒண்ணுமில்லடா. ஊட்டு மெத்தையில படுத்திருக்கற மாதிரித்தான். நோவு உன் மனசுலதான் இருக்குது."

நம்பினான். அதன்பிறகு முனகியதில்லை. டாக்டரிடமும் போகவில்லை.

இருவரும் ஓய்வு பெற்று வந்தபின், போன வருடம் அவன் வீட்டுக்குப் போனேன். முதுகில் அறுவை சிகிச்சை ஆகியும் ஒரு கால் இழுத்தது. டீ கொண்டுவந்த மனைவியிடம், "இந்த அண்ணன்தான் எனக்கு அளந்து பார்த்தவரு" என்றான், பெருமையாக. ஹெலிகாப்டர் மேல் குற்றமில்லை, தன் உடம்புதான் சரியில்லை என்று இத்தனை வருடமும் வீட்டில் சொல்லி வந்திருக்கிறான். நடிக்கிறான் என்று பங்காளிகள் பேசியதையும் பொறுத்துக்கொண்டிருக்கிறான்.

அந்த அம்மா உள்ளே போனதும் நடந்ததைச் சொன்னேன்.

அவன் இழுக்கும் காலைக் கையால் நகர்த்தி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"இதை இப்ப எதுக்குங்க சொன்னீங்க?"

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினான். சுவரைப் பிடித்து மெல்ல எழுந்தான். தாங்கப் போன என் கையைத் தள்ளிவிட்டு உள்ளே போனான். சற்று நேரத்தில் அவன் மனைவி அழும் சத்தம் கேட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.