நோரா வீட்டுக் கல்யாண மழை

அயர்லாந்துக்கு வந்த புதிதில், மழை பெய்தால் பக்கத்து வீட்டு நோரா என்னிடம் வருத்தம் தெரிவிப்பார். "சாரி, என்ன செய்வது, இதுதான் எங்கள் கோடைக்காலம்" என்பார், ஏதோ அவரே மேலே ஏறிக் குழாயைத் திறந்துவிட்டதுபோல. "அருமையான மழை" என்று நான் சொன்னால், கிண்டல் செய்கிறேன் என்று எண்ணிச் சிரிப்பார். ஊரில் இருக்கும் உங்களுக்குத் தெரியும், கோடை மழைக்காக யாரும் யாரிடமும் வருத்தப்பட்டதில்லை. எங்கள் துடியலூரில் சித்திரை மாதம் நாலு தூறல் விழுந்தால் அண்டா, குண்டா, பக்கெட் எல்லாம் வாசலுக்கு வந்துவிடும். ஈரோட்டிலிருந்து பெரியம்மா போன் போட்டு, "அங்கெல்லாம் மழையா கண்ணு?" என்று கேட்பார். பிரசவத்துக்குப் போன பெண்ணுக்கு என்ன குழந்தை என்று விசாரிக்கிற குரல் அது. மழை நேரத்தில் வந்த விருந்தாளிக்கு, "மழையோட வந்திருக்கீங்க" என்று சொல்லி இலையில் ஒரு இனிப்பு கூடுதலாக விழும்.

போன ஜூலையில் நோராவின் மகள் கியாராவுக்குக் கல்யாணம். வீட்டுப் பின்புறப் புல்வெளியில் வெள்ளைக் கூடாரம் போட்டிருந்தார்கள். என்னைப் பார்க்க வந்திருந்த அம்மாவுக்கும் அழைப்பு. அப்பா தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டு துடியலூரிலேயே இருந்துவிட்டார். முதல் நாள் சாயங்காலம் குப்பை போடப் போன அம்மா, கையில் ஒரு சிலையோடு திரும்பினார். தலையில் கிரீடம் வைத்த குழந்தை இயேசு.

"ஏங்கண்ணு, அவங்க வேலியோரம் செடிக்கடியில நின்னுட்டிருந்துச்சு. கல்யாண அவசரத்துல ஆரோ மறந்து வெச்சுட்டாங்காட்ட இருக்குது. தூறல் வேற போடுது. கொழந்தைய நனைய உடலாமா?"

துண்டால் துடைத்து, எங்கள் சாமி அலமாரியில் முருகனுக்குப் பக்கத்தில் வைத்து, சந்தனப் பொட்டும் இட்டுவிட்டார். காலையில் கொடுத்துவிடலாம் என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

விடிந்தபோது கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா ஜன்னலோரம் நின்று முகமெல்லாம் மலர, "கொடுத்து வெச்ச புள்ள" என்றார். நான் நோராவின் வீட்டுக்குப் போனால், அவர் சமையலறையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். கூடாரத்தின் ஒரு பக்கம் தொய்ந்து குளம்போலத் தண்ணீர் தேங்கியிருந்தது. விருந்தை மாற்றலாம் என்றால் எந்த ஹோட்டலிலும் இடமில்லை. "சிலையை வெளியேதான் வைத்தேன். யாரோ எடுத்துவிட்டார்கள்" என்று விசும்பினார். கல்யாணத்துக்கு முந்தின நாள் குழந்தை இயேசுவை வெளியே வைத்தால் மறுநாள் மழை வராது என்பது இங்கத்து நம்பிக்கையாம். கொடுமுடிப் பக்கம் அம்மா பிறந்த ஊரில், மழை பொய்த்த வருடம் பெண்கள் வீடு வீடாகக் கூழ் வாங்கி, உப்பில்லாமல் குடித்து, வானத்தைப் பார்த்து ஒப்பாரி வைப்பார்கள். இங்கே மழைக்குக் காவல் வைக்கிறார்கள். அந்தக் காவல்காரரைத்தான் அம்மா வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்.

எப்படிச் சொல்வது என்று நான் விழிப்பதற்குள், அம்மாவே சிலையை இரண்டு கையிலும் ஏந்தி வந்து நின்றார். சந்தனப் பொட்டு பளிச்சென்று தெரிந்தது. நடந்ததை நோராவிடமும், சிலை வெளியே நின்ற காரணத்தை அம்மாவிடமும் நான் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். நோராவின் முகம் இறுகியது.

"தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி. மழைக்கு இவரு காரணமில்லீங்க" என்றார் அம்மா. "புள்ள சின்ன வயசுல வெறும் அரிசி தின்னுருக்கும். கேட்டுப் பாருங்க."

அரிசியை அப்படியே மெல்லும் பிள்ளைகளின் கல்யாணத்தில் மழை கொட்டும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை என்று விளக்கினேன். கல்யாண உடையில் பாதி பொத்தான் போட்டபடி நின்ற கியாரா யோசித்தாள். "அரிசி இல்லை. ஆனால் வேகவைக்காத பாஸ்தா தின்பேன். பாக்கெட் பாக்கெட்டாக."

மொழிபெயர்த்தேன். அம்மா கை தட்டிவிட்டார். "அதுவும் அரிசிக் கணக்குத்தானுங்க!"

நோரா மகளைப் பார்த்தார், சிலையின் பொட்டைப் பார்த்தார். பிறகு, கண்மை கன்னத்தில் வழிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும், "சரி, நனைந்தே கல்யாணம் பண்ணுவோம்" என்று எழுந்தார்.

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, துடைப்பக் கட்டையால் கூடாரத்தை உந்தினார். தேங்கிய தண்ணீர் மொத்தமும் மாப்பிள்ளையின் மாமா தலையில் இறங்கியது. அவரே முதலில் கை தட்டினார். வெள்ளை கவுனுக்கடியில் ரப்பர் பூட்ஸோடு கியாரா மோதிரம் மாற்றினாள். வயலின்காரர் வாசிக்க, ஈரப் புல்லில் எல்லாரும் வழுக்கி வழுக்கி ஆடினார்கள்.

அப்போது அப்பா வீடியோ காலில் வந்தார். அங்கே சாயங்காலம். மொட்டை மாடியில் வேட்டி காற்றில் படபடக்க நின்றிருந்தார். மேகமெல்லாம் மலையோடு நின்றுபோயிற்றாம், தோப்புக் கிணற்றில் மோட்டார் காற்றைத்தான் இழுக்கிறதாம். எங்கள் வானத்தைக் காட்டினேன்.

"அடேங்கப்பா! கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி உடு கண்ணு" என்றார்.

அந்த நொடியில்தான் கவனித்தேன், கொஞ்ச நேரமாக நான் மனசுக்குள், "நின்னுடு மழையே, இந்தப் புள்ளைங்க ஆடி முடிக்கட்டும்" என்று வேண்டிக்கொண்டிருந்தேன். மழையை நிற்கச் சொல்லி நான் கேட்டது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. கியாரா ஓடி வந்து என் இடது கையைப் பிடித்து ஆட இழுத்தாள். வலது கை மட்டும், அப்பா இன்னும் கொஞ்சம் பார்க்கட்டும் என்று, போனோடு கூடாரத்துக்கு வெளியே நீண்டு நனைந்துகொண்டிருந்தது.