விரதக்காரிக்காகக் கூட்டிய கரை

றெஜினாவின் கருவாடு சாவகச்சேரிச் சந்தைக்குப் போனால் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். இருபத்தாறு வருசமாக அப்படித்தான். மீனை அறுத்து, கழுவி, உப்பில் ஊறப்போட்டு, கோயிலடிக் கரையில் பழைய வலையை விரித்து மூன்று நாள் காயவிடுவாள். காகத்தோடு சண்டை, நாயோடு சண்டை, மழை இருட்டினால் ஒரே ஓட்டம். புருசன் சந்தியோகுவுக்கு முழங்கால் போனபிறகு அவர் கடலுக்குப் போவது வாரத்தில் இரண்டு நாள்தான். அந்த வீட்டில் உலை கொதித்தது இவளால். ஆனாலும் யாராவது என்ன தொழில் என்று கேட்டால், "நான் வீட்டோடை, அவர்தான் தொழில்" என்பாள். அந்தக் கரையில் எந்தப் பெண்ணைக் கேட்டுப் பாருங்கள், இதையேதான் சொல்லுவாள்.

அவளுக்கு இருந்த ஒரே வெட்கம் அந்த மணம். குமர்ப்பிள்ளையாக இருந்த காலத்தில் ஒருநாள் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த மனுசி மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பிப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதை றெஜினா மறக்கவேயில்லை. இன்றைக்கும் சந்தைக்குப் போகமுன்னம் வாசனைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கை கழுவுவாள். என்ன கழுவி என்ன, கூடையில் இருப்பது கருவாடு.

போன வருசம் கோபிகா என்றொரு பிள்ளை ரெலிபோன் எடுத்தாள். சண்டிலிப்பாய்த் தோட்டக்காரக் குடும்பத்துப் பிள்ளை, கம்பஸ் முடித்தவள். கரையோரம் பெரிய ஹோட்டல் ஒன்று வரப்போகுதாம். அதற்கு முன்னம் அங்கத்தைச் சனம் என்ன தொழில் செய்யுது, கரையை எதற்குப் பாவிக்குது என்று பார்த்து எழுதவேண்டுமாம். றெஜினா மாதர் சங்கத் தலைவி, அதனால்தான் அவளுக்கு எடுத்தாள்.

"வெள்ளிக்கிழமை வரட்டே அன்ரி?"

"வாங்கோ பிள்ளை. மத்தியானம் சாப்பிட்டிட்டுப் போகலாம்."

"சாப்பாடு வேண்டாம் அன்ரி. நல்லூர்க் கொடியேறீட்டுது, திருவிழா முடியுமட்டும் நான் விரதம்."

அவ்வளவுதான். றெஜினா வீடுவீடாக ஓடினாள். விரதப் பிள்ளை இந்த நாற்றத்துக்குள் எப்படிக் கால் வைக்கும்? வியாழக்கிழமை பின்னேரம் ஒன்பது பெண்கள் சேர்ந்து காய்ந்தது, காயாதது எல்லாவற்றையும் அள்ளிச் சாக்கில் கட்டி வீடுகளுக்குள் வைத்தார்கள். அதில் அரைவாசி பழுதாய்ப் போனது. வலையைச் சுருட்டி, செதிலையும் குடலையும் மணலுக்குள் தாட்டார்கள். வெள்ளி விடிய றெஜினா விளக்குமாற்றோடு இறங்கிக் கரை முழுக்கக் கூட்டிச் சாம்பிராணியும் போட்டாள். சந்தியோகு படலையடியில் நின்று பார்த்துவிட்டு, "கோயிலுக்கு ஆயர் வாறாரோ?" என்று பகிடி விட்டார்.

கோபிகா வந்தாள். நல்ல பிள்ளை, குறை சொல்ல ஏலாது. புதுக் கிளாஸில் சோடாவும், கழுவித் துடைத்த தட்டில் கதலிப்பழமும் வைத்தார்கள். அவள் குடித்துவிட்டுப் படிவத்தை எடுத்தாள்.

"அன்ரி, உங்கடை தொழில்?"

"நான் வீட்டோடை பிள்ளை."

"அந்தக் கோயிலடிக் கரையிலை என்ன நடக்குது?"

மணம் பிடித்துவிட்டதோ என்று றெஜினா பயந்தாள். "ஒண்டும் இல்லை, சும்மா கிடக்குது" என்றாள் அவசரமாக.

மற்ற எட்டுப் பேரும் தலைவி சொன்னதையே சொன்னார்கள். கோபிகா எழுதினாள், கரையைப் படம் எடுத்தாள், கையெழுத்து வாங்கினாள். போகும்போது, "எவ்வளவு துப்புரவாய் வைச்சிருக்கிறியள் அன்ரி" என்றாள். அந்த ஒரு சொல்லை றெஜினா ஒரு மாதமாகக் காண்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

ஐப்பசியில் பங்கு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். ஹோட்டல் கட்டுகிற கொம்பனியிலிருந்து வந்த ஐயா மரியாதையாகத்தான் கதைத்தார். ஊரிலுள்ள பதினான்கு படகுகளுக்கும் வேறு இறங்குதுறை கட்டித் தருவார்களாம். பிறகு திரையில் ஒரு படத்தைப் போட்டார். "இது கோயிலடிக் கரை. தொழில் ஒண்டும் நடக்காத வெறுங்கரை. வாற மாதம் வேலி அடைக்கிறம்."

படத்தில் மணலில் விளக்குமாற்றுக் கோடுகள் வடிவாகத் தெரிந்தன. றெஜினா எழும்பினாள்.

"ஐயா, அதிலைதான் நாங்கள் கருவாடு காயப்போடுறனாங்கள். இருபத்தாறு வருசமாய்."

அவர் தாளைப் புரட்டிப் பார்த்தார். "உங்கடை பேர்?"

"றெஜினா."

"தொழில் இல்லை எண்டு இருக்குதம்மா. கரை சும்மா கிடக்குது எண்டும் இருக்குது. இது உங்கடை கையெழுத்துத்தானே?"

"ஓம்."

"அறிக்கை மேலை போய் அனுமதியும் வந்திட்டுது. இனி என்ரை கையிலை ஒண்டும் இல்லை."

றெஜினா திரும்ப உட்கார்ந்தாள். மற்ற எட்டுப் பெண்களும் அவரைப் பார்க்கவில்லை, இவளைத்தான் பார்த்தார்கள். ஒருத்தியாவது ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

கூட்டம் கலைந்தபோது பின்வரிசை வாங்கிலிருந்து கோபிகா வந்தாள். அழுதிருந்தாள்.

"ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் எழுதியிருப்பனே அன்ரி. ஏன் எனக்கு மறைச்சனீங்கள்?"

"மறைக்கேல்லைப் பிள்ளை. நீங்கள் விரதமெண்டு சொன்னனீங்கள்."

கோபிகா அவளுடைய கையைப் பிடிக்கப் போனாள். றெஜினா வெடுக்கென்று சேலைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"தொடாதேங்கோ பிள்ளை. காலமை சூடை மீன் அறுத்த கை."