முனை வெளியே பார்க்க

"முனை இந்தப் பக்கம் பாக்கணும் ராசா. ஆங், அப்படி! திரும்பி வந்து இறங்குனதும் கால் நேரா உள்ள போயிடணும் பாரு." வலது முழங்கால் மடங்காது என்பதால் கட்டிலைப் பிடித்து நின்றபடியே வேலை வாங்குகிறார் வண்டி மாமா. டான்சில் ஆபரேஷனுக்குப் போகிற ஆறு வயதுப் பொடியன், தன் குட்டிச் செருப்புகளைக் கட்டிலுக்கு அடியில் ஒழுங்காக வைத்த பிறகுதான் வண்டியில் ஏறுகிறான்.

குழந்தைகள் வார்டிலிருந்து ஆபரேஷன் தியேட்டர் வரை நோயாளிகளைப் படுக்கை வண்டியில் தள்ளிப்போவது அவர் வேலை. பத்தொன்பது வருஷமாக அதே நடை, அதே லிஃப்ட். சக்கரம் கிரீச்சென்றால் அவருக்கு உயிரே போய்விடும். எண்ணெய் டப்பா எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். கடைக்குப் போனால் சாமான் வண்டியைக்கூட மூலைகளில் ஒரு கையைக் கொடுத்து அணைத்துத்தான் திருப்புவார். "தக்காளிங்க அது, ஆபரேஷன் கேஸ் இல்ல!" என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த நாலு நிமிஷ நடையில் அவர் காதில் விழாத கேள்வியே கிடையாது. "பாதியில முழிச்சுட்டா?" "தூக்கத்துல ஒண்ணுக்குப் போயிட்டா?" கொஞ்சம் வளர்ந்ததுகள் கூரையைப் பார்த்துக்கொண்டு, "என் டிரெஸ்ஸை யாரு மாத்துவாங்க?" என்று கேட்கும். தெரிந்ததைச் சொல்வார். தெரியாவிட்டால் வண்டியை நிறுத்திவிட்டு, நர்ஸிடம் கேட்டு வந்து சொல்வார். 'வலிக்காது' என்பது மட்டும் அவர் வாயில் வராது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சிறுமியிடம், "அம்மாவும் உள்ள வருவாங்க" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார். அம்மாவை வெளியே விட்டுவிட்டுக் கதவு சாத்திக்கொண்டபோது அவள் அழவில்லை, இவரைத்தான் பார்த்தாள். பாவி மனுஷனுக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. பொய் சொல்லாமல் பிள்ளைகளுக்கு எதைக் கொடுப்பது என்று யோசித்து யோசித்து, கடைசியில் கண்டுபிடித்ததுதான் இந்தச் செருப்பு வழக்கம்.

இன்று காலை வந்தவளுக்குப் பதினாலு வயது. சிறுநீரகக் குழாயில் அடைப்பு. "இதெல்லாம் சின்னப் பசங்களுக்கு மாமா" என்று செருப்பைக் காலாலேயே உதறிவிட்டு ஏறிப் படுத்தாள். ஒன்று கட்டிலுக்கு அடியில் சுவரோரம் போய் விழுந்தது. கலங்கி நின்ற அம்மாவை இவள்தான் கிண்டல் பண்ணிச் சிரிக்க வைத்தாள். லிஃப்டில் இடமில்லாமல் அம்மா படியேறப் போனதும் அந்தச் சிரிப்பு காணாமல் போயிற்று.

"மாமா, நான் எந்திரிக்காமலே போயிட்டா?"

'அப்படியெல்லாம் ஆகாது' என்று சொல்லிவிடுவது எவ்வளவு சுலபம்!

"இனிமே நடக்கப்போறது எனக்கு எப்படிம்மா தெரியும்? டாக்டருங்க கெட்டிக்காரங்க, அது தெரியும். நீ வெளிய வர்ற வரைக்கும் நான் வீட்டுக்குப் போகமாட்டேன். அது என் கையில இருக்கு."

தியேட்டர் வாசலில் அம்மா கன்னத்தைத் தடவிவிட்டு விலகியதும், அவள் இவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மாமா... செருப்பு தாறுமாறா கிடக்கு."

"நான் பாத்துக்கறேன் கண்ணு."

வார்டுக்குத் திரும்பியதும் தரையில் நீட்டிப் படுத்து, சுவரோரச் செருப்பை எட்டி எடுத்தார். இரண்டையும் துடைத்து, ஜோடி சேர்த்து, முனை வெளியே பார்க்க வைத்தார். எழுந்திருக்க நர்ஸ் கை கொடுக்க வேண்டியிருந்தது. "ஏண்ணே, என்னைக் கூப்பிட்டா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று கடிந்துகொண்டாள்.

இரண்டு மணிக்கு அவருடைய வேலை நேரம் முடிந்தது. ஐந்து மணி வரை தியேட்டர் வாசலிலேயே இருந்து, ஒரே வண்டிக்கு மூன்று முறை எண்ணெய் விட்டார்.

பிறகு அவரே அவளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கட்டிலில் மாற்றிப் படுக்கவைத்தபோதும் மயக்கம் முழுசாகத் தெளியவில்லை. கண் மூடியபடியே அவள் கை மட்டும் கட்டிலுக்குக் கீழே இறங்கி எதையோ துழாவியது.

"தண்ணியாடி?" என்று பதறினாள் அம்மா.

வண்டி மாமா மடங்காத காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தார். செருப்பு ஜோடியைத் தூக்கி அந்த விரல்களுக்கு எட்டும்படி பிடித்துக்கொண்டார்.