அதைச் சொன்னவர் அமலதாஸ் சார்

போன செவ்வாய்க்கிழமை இங்கே வளைகுடாவில், தேரா கடைத்தெருவிலுள்ள என் கடையில் ஏலக்காய் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அமலதாஸ் சாரின் மனைவி போன் செய்தார். "பாய், அவிய போயிட்டாவ. காலையில நெஞ்சுவலின்னாவ, அவ்வளவுதான்" என்றார். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் நீங்களே சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். சொன்னேன். கடல்நீர்ப் பரிசோதனைக் கூடத்து விஞ்ஞானி, குளச்சல்காரர், எல்லோரிடமும் அன்பாகப் பழகியவர் என்று எழுதினேன். விட்டுவிட்டதை இங்கே எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் கடல் சிவந்து மீன்கள் செத்து ஒதுங்கியபோது, சங்கக் கூட்டத்துக்கு அவரை அழைத்திருந்தோம். தொகுத்து வழங்கியவன் நான். மீன் சாப்பிடலாமா என்று எல்லோரும் கேட்டார்கள். "இப்ப எனக்குத் தெரியாது கேட்டியளா. சாம்பிள் எடுத்திருக்கோம், ரிசல்ட் வரட்டு. அதுவரைக்கும் ஒதுங்கின மீனத் தொடாதீங்க" என்றார் சார். மைக் என் கையில் இருந்தது. வாய் சும்மா இருக்குமா? "படிச்ச சாருக்கே தெரியலையாம். நாமதான் சாப்புட்டுப் பாத்து அவருக்கு ரிசல்ட் சொல்லணும்!" என்றேன். அரங்கமே சிரித்தது. அன்றிலிருந்து அவருக்கு 'தெரியாது சார்' என்று பெயர்.

அந்த வாரமே தொழிலாளர்கள் தங்கும் கேம்பில் நான்கு பேர் ஒதுங்கிய மீனை அள்ளிவந்து குழம்பு வைத்தார்கள். நால்வரும் ஆஸ்பத்திரியில். கொத்தனார் முருகேசன் பிழைத்ததே பெரிய பாடு. நான் பார்க்கப் போனபோது சார் அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். "நீங்கதானே பாய், அவருக்கே ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னீங்க" என்றான் முருகேசன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது மற்றவர்கள்.

வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். சார் விடவில்லை. "தெரியாததத் தெரியாதுன்னு சொல்லதுதான் பாய் எங்க வேலை. ஆனா இனி நான் சொன்னா கேக்க மாட்டாவ. நீங்க சொன்னா கேப்பாவ. அடுத்த தடவ நீங்களே சொல்லுங்க" என்றார். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சென்ற மாதம் கடல் மறுபடி நிறம் மாறியது. சார் எனக்குப் போன் செய்து, எதைத் தொடக்கூடாது, எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார். நான் அதைக் குழுவில் என் பெயரில் போட்டேன். ஒருவரும் கரைப்பக்கம் போகவில்லை. "பாய் சொன்னா கரெக்டா இருக்கும்" என்று பாராட்டு குவிந்தது. சார் பெயரைப் போட்டால் யாரும் நம்பமாட்டார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பாராட்டு இனித்தது என்பதுதான் உண்மை. வெட்கமாக இருக்கிறது.

நண்பர்களே, அந்த எச்சரிக்கை என்னுடையது இல்லை, அமலதாஸ் சாருடையது. அவர் நினைவாக என்னிடம் இருப்பது குழுவிலுள்ள அந்தப் பதிவு ஒன்றுதான். அதன் கீழே உங்கள் நன்றிகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றுக்கு நடுவில் சாரும் எழுதியிருக்கிறார்: "நல்ல தகவல். நன்றி பாய்."