முதல் நாளே ஓடிவிடாதீர்கள்

ஜிம்மில் சேர வருகிற பாதிப்பேர் கண்ணாடியைப் பார்த்ததுமே திரும்பிப் போக வழி தேடுவார்கள். அவர்களை மறுநாளும் வரவைப்பதுதான் என் வேலை. முகப்பேரில் ஒரு மாடி ஜிம்மில் பயிற்சியாளராக இருக்கிறேன். கையைக் காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நீங்களும் அங்கே நின்றிருந்தால், நீங்கள் நம்ம ஆள்.

வாசலில் ஒரு போன்

கவிதா தென்காசிப் பக்கம். இங்கே ஐ.டி. வேலை. காலையில் ட்ராக் பேண்ட் போட்டுக்கொண்டு படியேறி வருவார். கதவருகே வந்ததும் போனைக் காதில் வைத்து, "ஆமா, ஆமா" என்றபடி இறங்கிப் போய்விடுவார். பல நாள் இப்படியே.

ஒருநாள் நானே கதவைத் திறந்து, "உள்ள வந்து பேசுங்களேன், ஃபேன் இருக்கு" என்றேன். போனைக் காதிலிருந்து எடுக்காமலே உள்ளே வந்தார். ட்ரெட்மில்லில் சும்மா நடக்கவிட்டேன். இறங்கும்போது மூச்சு வாங்கியது, முகத்தில் சிரிப்பு.

"மேடம், போன்ல யாருமே இல்ல. பயத்துல நானே பேசிட்டிருந்தேன்."

அந்த வீடியோ

குமார் அண்ணன் திருவேற்காட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். சர்க்கரை ஏறிவிட்டதென்று டாக்டர் மிரட்டி அனுப்பியிருந்தார். உட்கார்ந்து எழச் சொன்னேன். உட்கார்ந்தார். எழ முடியாமல் பொத்தென்று தரையில் சாய்ந்துவிட்டார்.

பக்கத்தில் எடை தூக்கிக்கொண்டிருந்த தினேஷ் சிரித்துக்கொண்டே அதை வீடியோ எடுத்தான். அண்ணன் முகம் சுண்டிப்போனது. "நாளைலருந்து வரல மா" என்று பையை எடுத்தார். இப்போது போனால் இந்த மனுஷன் திரும்ப வரவே மாட்டார்.

தினேஷிடம் போய் மெதுவாகக் கேட்டேன்: "நீ முதல் நாள் வாந்தி எடுத்தியே, யாராவது படம் புடிச்சாங்களா?" அவன் தலையைத் தொங்கப்போட்டான். பிறகு அவனே போய், "ஸாரிண்ணா, அழிச்சிடறேன்" என்றான்.

அண்ணன் பையைக் கீழே வைத்தார். "அழிக்காத நைனா, எனக்கு அனுப்பு. ஜிம்முக்குப் போறேன்னா ஊட்ல ஒருத்தரும் நம்ப மாட்டேன்றாங்க."

கல்யாண வீட்டுக்குப் போகாதவர்

மாங்காட்டு சரோஜா அக்காவுக்கு முழங்கால் வலி. தரையில் உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும். அந்த வெட்கத்தில் சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களுக்கே போவதை விட்டிருந்தார். "இந்த வயசுல எதுக்கு?" என்று வீட்டில் கேலி வேறு.

நாற்காலியிலிருந்து எழுவதில் தொடங்கினோம். அப்புறம் தாழ்வான முக்காலி. சில நாள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். "நேத்தைக்கு இன்னிக்குத் தேவல, அக்கா" என்பேன், பொய்யில்லாமல். மாதங்கள் போயின. ஒரு காலை, தரையில் உட்கார்ந்திருந்தவர் யார் கையையும் பிடிக்காமல், நடுங்கி நடுங்கி எழுந்து நின்றுவிட்டார். காலையில் பயிற்சிக்கு வரும் எங்கள் பெண்கள் கூட்டம் விசிலடித்துக் கைதட்டியது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அதட்டினார்:

"கத்தாதீங்கடி, பயத்துல திரும்ப உக்காந்துடப் போறேன்!"

ஆக, இத்தனை வருஷத்தில் எனக்கு இன்னும் சரியாக வராத பயிற்சி, இவர்கள் பேசும்போது சிரிக்காமல் முகத்தை நேராக வைத்துக்கொள்வதுதான்.